முப்பத்தேழாம் அறையின் நீலக்கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், கிழக்கிலங்கைக் கல்முனையில் ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்துக்குள் இருந்தவர்கள்:

அதிபர் கனகரெத்தினம். விடுமுறை நாளிலும் கழுத்துப்பட்டி கட்டுகிறவர்.

பொலிஸ் சார்ஜன்ட் ரணவீர. தமிழ் கதைப்பார், வாசிக்க வராது.

பரிசாரியார் முகைதீன்பாவா, கல்முனைக்குடி. புரையோடிய புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர். நோன்பு.

ஸைனுலாப்தீன், ஆய்வுகூட உதவியாளன், பரிசாரியாரின் பக்கத்து வளவுக்காரன். இவனும் நோன்பு.

செல்லத்தங்கம், நற்பிட்டிமுனை. புதன்கிழமை புருஷன் சாமித்தம்பியைப் பறிகொடுத்தவள். எட்டாம் நாள் சடங்கு கழியுமுன் வெளியே வரக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் பொலிஸ் ஜீப்பில் ஏறி வந்திருந்தாள்.

எட்வேட், விஞ்ஞான ஆசிரியர். அவருடைய சட்டைப் பைக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அது தெரியாது.

மேசையில் ஒரு தேக்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே அறுபது சிறு அறைகள், அறைக்கு ஒரு கல். முப்பத்தேழாம் அறையில் கிடந்த நீலக்கல்லை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்திருந்தார்கள். பக்கத்தில், பரிசாரியார் வீட்டிலிருந்து பொலிஸ் கொண்டுவந்த இன்னொரு துண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் உடைந்த முகங்கள் பொருந்தின. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஸைனுலாப்தீன் கல்லை உடைத்துப் பாதியைக் கொடுத்தான். முகைதீன்பாவா அதில் ஒரு பங்கை வறுத்து, இடித்து, எண்ணெயில் குழைத்து, சாமித்தம்பியின் காலில் பதினேழு நாள் பூசினார். சாமித்தம்பி செத்துப்போனார். கேள்வி இரண்டுதான். இது என்ன கல்? இதை மயில்துத்தம் என்று சொன்னது யார்?

சாமித்தம்பிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி கால் பெருவிரலில் பட்டு, புண் ஆறாமல் போனது. ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். விரலில்லாமல் வரம்பில் நடக்க முடியாது என்று பரிசாரியாரிடம் போனார். புரையோடிய புண்ணுக்கு மயில்துத்தம் வறுத்துப் போடுவது பரிசாரியாருடைய வாப்பா காலத்து மருந்து. ஆனால் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கடைகளில் மயில்துத்தம் இல்லை. எந்தப் பொடியைக் கண்டாலும் இராணுவச் செக்பொயின்றில் இறக்கிவிடுகிறார்கள் என்று கடைக்காரர்கள் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள். பரிசாரியார் வேலிக்கு மேலால் ஸைனுலாப்தீனைக் கேட்டார். இரிக்கி என்றான் அவன்.

புதன்கிழமை சாமித்தம்பி செத்தார். வாந்தி, வயிற்றோட்டம், கை கால் விறைப்பு. வியாழக்கிழமை, முஸ்லிம் பரிசாரி தமிழனுக்கு நஞ்சு பூசினான் என்ற கதை நற்பிட்டிமுனை முழுவதும் போனது. அன்றிரவு பரிசாரியார் வீட்டு யன்னல் உடைந்தது. வெள்ளிக்கிழமை வான் வண்டிகள் ஓடவில்லை. இப்போது பள்ளிக்கூடக் கேற்றில் நற்பிட்டிமுனை ஆட்கள் நாற்பது பேர் நின்றார்கள். தெருவின் எதிர்ப்பக்கம், பூட்டிய கடைகளின் முன்னால், கல்முனைக்குடியிலிருந்து வந்த முஸ்லிம்கள் நாற்பது பேர். நடுவில் இரண்டு கொன்ஸ்டபிள்கள்.

"கொழும்புக்கு அனுப்பினா பதில் வர மூணு மாசம்," என்றார் சார்ஜன்ட். "அதுக்குள்ள ரோட்டில கடை எரியும், ஆள் எரியும். எனக்கு இண்டைக்குப் பதில் வேணும். மாஸ்டர், நீங்க கல்லுப் படிச்ச ஆள் எண்டு சொன்னாங்க."

"ரெண்டு வருசம்," என்றார் எட்வேட்.

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவர் அவர். வறுமையோ வருத்தமோ காரணமில்லை. வகுப்புக்குப் போகாமல் அறையில் படுத்துக் கிடந்தார். அவ்வளவுதான்.

"முதல்ல லேபிள் கதைய முடிப்பம்," என்று அதிபர் சொன்னார்.

"லேபிள் இரிந்த சேர்," என்றான் ஸைனுலாப்தீன். அன்று காலை இதை மூன்றாவது தடவை சொல்கிறான். "முப்பத்தேழு, மயில்துத்தம் எண்டு தமிழில எழுதி இரிந்த. அதப் பாத்துத்தான் நான் எடுத்த."

"மற்ற ஐம்பத்தொம்பதிலயும் லேபிள் கிடக்கு. இதுக்கு மட்டும் கால் முளைச்சு நடந்து போயிற்றோ?"

"நோன்போட நிண்டு பொய் சொல்ல மாட்டன்."

"நோன்பு உன்னோட. எனக்குக் கண்ணால பாக்க ஒண்டு வேணும்."

ஸைனுலாப்தீன் எட்வேட்டைப் பார்த்தான். கெஞ்சல் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பதினான்கு வருடம் ஒரே அறையில் வேலை செய்த ஒருவரிடம் இந்தச் சோதனைக்குழாய் எங்கே என்று கேட்கிற பார்வைதான். எட்வேட் தராசின் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தப் பெட்டியை நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மெதடிஸ்த பாதிரியார் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் கோர்ன்வோல் என்ற சுரங்க நாட்டில் பிறந்தவர். ஒவ்வொரு கல்லையும் பற்றித் தன் கையால் ஒரு பதிவேடு எழுதி வைத்திருந்தார். தொண்ணூறில் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்தபோது யாரோ அதை அடுப்பில் வைத்தார்கள். குழந்தைகளுக்குப் பால்மா கரைக்க வெந்நீர் வேண்டியிருந்தது, குற்றம் சொல்ல முடியாது. பழைய லேபிள்களைக் கறையான் தின்றது. போன வருடம் மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும் எட்வேட் ஒரே பின்னேரத்தில் அறுபது லேபிளும் எழுதி ஒட்டினார். பெரும்பாலானவை சரி. நீலக்கல்லைக் கையில் எடுத்தார், நீலம், பளிங்கு, செம்புக் கல் என்று நினைத்தார், எழுதினார். ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்திருந்தால் போதும். தண்ணீர்க் குழாய் நாலு அடியில் இருந்தது.

வியாழக்கிழமை சாவுச் செய்தி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, இடுக்கியால் அந்த லேபிளைக் கிளப்பி எடுத்தது.

ஆனால் கல்லை இன்னும் சோதிக்கவில்லை. இரண்டு இரவாக அவர் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அதுதான். ஒன்று, அது உண்மையிலேயே மயில்துத்தமாக இருக்கலாம். அப்படியானால் லேபிள் சரி, சாமித்தம்பியைக் கொன்றது சீனி வருத்தம், அவருக்கும் ஸைனுலாப்தீனுக்கும் பொறுப்பில்லை. இரண்டு, செம்புக் காபனேற்றாக இருக்கலாம், அதுவும் நீலம், அதுவும் புண்ணில் பூசியதால் ஆளைக் கொல்லாது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் அவர் பாடுபட்டார்.

"தொடங்குங்க மாஸ்டர்."

ஆய்வுகூடத்து மயில்துத்தப் போத்தல் தொண்ணூறிலிருந்து வெறும் போத்தல். அடியில் ஒட்டியிருந்த தூசியைச் சுரண்டி எடுத்து ஒரு சோதனைக்குழாயில் போட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் உடனே நீலமானது. இன்னொன்றில் கல்லின் பொடியைப் போட்டுக் குலுக்கினார். பொடி அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தண்ணீராகவே நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பியோன் தேநீர் கொண்டுவந்து வைத்தான், ஆறு கிளாஸ். நாலு பேருக்கு என்று சொல்ல அதிபர் மறந்திருந்தார். இரண்டு கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தன.

"கரையல்ல," என்றார் பரிசாரியார் தனக்குள்ளே.

"கரையல்ல," என்றார் எட்வேட். முதல் கயிறு அறுந்தது.

கல்லை வில்லைக் கண்ணாடியில் பார்த்தார். மைசூர்ப் பருப்பைப் பிளந்து அடுக்கியதுபோல் தட்டையான பளிங்குகள், வானத்து நீலம், ஓரங்களில் கொஞ்சம் பச்சை. நகத்தால் கீறினார், மெல்லிய கோடு விழுந்தது. காபனேற்று நீலக்கல்லில் நகம் ஏறாது. உடைந்த ஓட்டின் முதுகில் உரைத்தார். கல் அவ்வளவு நீலமாக இருந்தும் கோடு வெளிறிப்போய் விழுந்தது, சாயம் போன சீலைபோல. பிறகு நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டார். வெளியில் எட்டு தசம் ஏழு கிராம். தண்ணீருக்குள் ஐந்து தசம் எட்டு. பிரித்துப் பார்த்தால் தண்ணீரைப்போல் மூன்று மடங்கு பாரம்.

"கூடவா, குறையவா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"மயில்துத்தத்துக்குக் கூட. மற்றதுக்குக் குறைய."

"மற்றது எது?"

எட்வேட் அமிலப் போத்தலை எடுத்தார். காபனேற்று என்றால் அமிலம் பட்டதும் சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைக்கும். ஒரு துளி விட்டார். எல்லாரும் குனிந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கல் நுரைக்காமல், சத்தமில்லாமல், ஓரத்தில் கொஞ்சம் கரைந்து துளியைப் பச்சையாக்கியது.

"சேருக்கு வேர்க்குது," என்றாள் செல்லத்தங்கம். அவள் அன்று வாய் திறந்தது அதுதான் முதல்.

ஒரு துண்டைச் சிறு குழாயின் அடியில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். குழாயின் மேல்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டியது. கல்லுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அடியில் நீலம் மாறிக்கொண்டு வந்தது.

பரிசாரியார் எழுந்து கிட்ட வந்தார். "இப்பிடித்தான் போன," என்றார். "துருசு, இந்த மயில்துத்தம், வறுத்தா வெள்ளையாகணும் மாஸ்டர். வாப்பா காட்டித் தந்த நாள்ள இரிந்து நான் வெள்ளையாத்தான் கண்ட. இது பாசி நிறமாப் போன. நான் சட்டிய இறக்கி வச்சிட்டு யோசிச்ச. ஸைனுவக் கூப்பிட்டும் கேட்ட."

"கேட்ட," என்றான் ஸைனுலாப்தீன். "வெள்ளைக்காரத் துரை கொண்டந்த சாமான், பேர் எழுதிக் கிடக்கு, கடைச் சாமான்போல கலப்படம் இரிக்காது எண்டு நான்தான் சொன்ன."

"அதால பூசின. என்ட கண் சொன்னத விட்டுட்டு, எழுத்துச் சொன்னதப் புடிச்ச." பரிசாரியார் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"எழுத்து எங்க எண்டுதான் தெரியல்ல," என்றார் அதிபர்.

எட்வேட்டுக்கு மிச்சமிருந்தது ஒரு சோதனை. செய்யாமல் விடலாம். கல் காபனேற்றும் இல்லை, மயில்துத்தமும் இல்லை, இதற்குமேல் இந்த ஆய்வுகூடத்தில் முடியாது, கொழும்புக்கு அனுப்புங்கள் என்று சொல்லலாம். மூன்று மாதம். ஆனால் கை ஏற்கனவே கரிக்கட்டையில் குழி தோண்டிக்கொண்டிருந்தது. பழகிய கை அப்படித்தான். கல்லின் பொடியைச் சலவைச் சோடாவோடும் கரித்தூளோடும் கலந்து குழியில் அமுக்கினார். யன்னல்களைத் திறக்கச் சொன்னார். எல்லாரையும் சுவரோரம் போகச் சொன்னார். ஊதுகுழாயை வாயில் வைத்து, விளக்கின் சுடரைக் கரிமேல் சாய்த்து ஊதினார்.

பொடி கொதித்து உருகியது. மெல்லிய வெள்ளைப் புகை ஒன்று எழும்பிக் கரியின் ஓரத்தில் சாம்பல் வளையமாகப் படிந்தது. பிறகு மணம் வந்தது.

"கன்ரீன்ல சமைக்கிறாங்களா?" என்றார் அதிபர்.

"உள்ளி," என்றார் சார்ஜன்ட்.

அது வறுத்த உள்ளியின், வெள்ளைப்பூண்டின், மணமேதான். எட்வேட் விளக்கை மூடினார். "ஆசனிக். பாஷாணம்," என்றார். குரல் வகுப்பில் வருவதுபோலவே வந்தது. "கரியில சுட்டா இந்த மணம் வேற எதுக்கும் இப்பிடி வராது. இது செம்பும் ஆசனிக்கும் சேர்ந்த கல்லு. ஆசனேற்று எண்டு ஒரு தனி வகுப்பு, பொசுபேற்றுக் கல்லுகளோட சேத்து வைக்கிறது. அதுக்குள்ள செம்பு, அலுமினியம், தண்ணி மூண்டும் சேர்ந்த ஒண்டு இது. நீலம், மெது, மூண்டு மடங்கு பாரம். லிரோகொனைற். நூறு கிராமில பதினேழு கிராம் ஆசனிக்."

"எங்கயும் கிடைக்கிற கல்லா?" என்றார் சார்ஜன்ட்.

"இல்ல. உலகத்திலயே கொஞ்ச இடம்தான். நல்ல துண்டுகள் வந்த சுரங்கம் அந்தப் பாதிரியார்ட ஊர்ப் பக்கம். அது மூடிக் கனகாலம்." புத்தகத்தில் இருந்த இன்னொரு வரியும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் வெளிறிய பொடி என்று அர்த்தம். அதை அவர் சொல்லவில்லை.

செல்லத்தங்கம் எழும்பி நின்றாள். எல்லாரும் அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கரிக்கட்டைக்குக் கிட்டப் போய், எட்வேட் கை நீட்டித் தடுக்கும் வரை போய், மூக்கை உறிஞ்சினாள்.

"இந்த மணம் எனக்குத் தெரியும்," என்றாள். "கடைசி எட்டு ஒம்பது நாள் அவர்ட வாயில இதுதான் மணந்தது."

அவள் முகைதீன்பாவா பக்கம் திரும்பினாள்.

"பரிசாரியார் பத்தியம் சொன்னவர். புளி, இறைச்சி, உள்ளி ஒண்டும் ஆகாது எண்டு. நான் வெறுங்கஞ்சிதான் குடுத்தன். மனிசன் கிட்ட வந்து கதைச்சா உள்ளி மணக்குது. ஒளிச்சுப் போய்க் கடையில இறைச்சிக் கறி திண்டுட்டு வாறார் எண்டு நான் ஏசினன். இல்ல செல்லம், சத்தியமா இல்ல எண்டார். கால் இப்பிடிக் கிடக்கக்குள்ள வாயக் கட்ட ஏலாதா எண்டு ஏசினன். பிறகு நான் அவரோட கதைக்கல்ல. கஞ்சியக் கொண்டு தலைமாட்டில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவன். புதன்கிழமையும் அப்பிடித்தான் வச்சிட்டுப் போனன்." அவள் எட்வேட்டைப் பார்த்தாள். "அவர் தின்னல்லையா சேர்?"

"தின்னல்ல. இது ரத்தத்தில கலந்தா மூச்சில அந்த மணம் வரும். அவர் சொன்னது உண்மை."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. சீலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஸைனுலாப்தீன் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்தத் தம்பியும் காலத்தால இருந்து ஒரே கதையத்தான் சொல்லுறார். அதையும் ஆராவது ஒழுங்காத் தேடிப் பாத்தா என்ன?"

எட்வேட் ஊதுகுழாயைக் கீழே வைத்தார். சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். கடதாசித் துண்டு வேர்வையில் நனைந்து பைத் துணியோடு ஒட்டியிருந்தது. உரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அதிபர் கனகரெத்தினம்தான் முதலில் கண்டார். வருடக்கணக்காக அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர். "எட்வேட்," என்றார், மிகவும் தணிந்த குரலில். "அதத் திரும்பச் சட்டைச் சேப்பில வையும்."

எட்வேட் அதை மேசையில் வைத்தார்.

சார்ஜன்ட் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கிட்ட இருந்த பரிசாரியாரிடம் நீட்டினார். முகைதீன்பாவா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"முப்பத்தேழு. செப்புச் சல்பேற்று. மயில்துத்தம்."

"ஆர் எழுதின?" என்றார் சார்ஜன்ட்.

"நான்," என்றார் எட்வேட்.

"எப்ப கழட்டின?"

"வியாழக்கிழமை."

"ஏன்?"

"பயத்தில."

சார்ஜன்ட் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பரிசாரியார் லேபிளை இன்னும் கையில் வைத்திருந்தார். "எழுத்து நல்ல அழகு," என்று சொல்லி மேசையில் வைத்தார். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

ஸைனுலாப்தீன் லேபிளைப் பார்க்கவில்லை. பாவித்த சோதனைக்குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினான். அது அவனுடைய வேலை.

"அத வெறுங்கையால கழுவாதீங்க," என்றார் எட்வேட்.

"எங்களுக்குத் தெரியும் சேர்."

பதினான்கு வருடத்தில் அவன் எட்வேட்டிடம் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

அதிபர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "உம்மட வேலை போகும். தெரியுமா? உள்ளயும் வைப்பாங்க. மூணு மாசம் பொறுத்திருந்தா கொழும்புக் காயிதத்தோட எல்லாம் ஆறிப் போயிருக்கும்."

"நாலு நாள்ள பரிசாரியார்ர வீடு இருக்காது," என்றார் சார்ஜன்ட். பிறகு எட்வேட்டிடம் ஒரு புதுக் கடதாசியை நகர்த்தினார். "சரியான பேர எழுதுங்க. கல்லோட ஒட்டி சீல் வைக்கணும்."

எட்வேட் எழுதினார். முப்பத்தேழு. லிரோகொனைற். நீர் கொண்ட செம்பு, அலுமினிய ஆசனேற்று. தண்ணீரில் கரையாது. நஞ்சு. எழுத்து முன்போலவே அழகாக வந்தது. அது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு துண்டுகளையும் உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். செல்லத்தங்கம் பழைய லேபிளைத் தனக்குத் தரலாமா என்று கேட்டாள். தர முடியாது, அது சாட்சிப் பொருள் என்றார் சார்ஜன்ட். அவள் வற்புறுத்தவில்லை. வெளியே போகும்போது பரிசாரியாரின் முன்னால் நின்று, "உங்கட யன்னல் உடைச்சது எங்கட பொடியன்கள்தான்," என்றாள். "அது கிடக்கட்டும் தங்கச்சி," என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே வாசலால், நாலு அடி இடைவெளியில் போனார்கள். அதிபரும் அவர்களுக்குப் பின்னால் போனார்.

"நீங்க கேற்றில நிண்டு உங்கட வாயால சொல்லணும்," என்றார் சார்ஜன்ட். "ரெண்டு பக்கத்துக்கும் கேக்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பரிசாரியார் சொன்னா ஒருபக்கம் நம்பாது. பிறகு ஜீப்பில ஏறுங்க."

"ஓம்."

"சாவி?"

எட்வேட் இடுப்பிலிருந்து ஆய்வுகூடச் சாவியைக் கழற்றினார். சார்ஜன்ட் வாங்கி ஸைனுலாப்தீனிடம் கொடுத்தார். அவன் ஆறிப்போன இரண்டு தேநீரையும் கைகழுவும் பேசினில் ஊற்றினான், பெட்டியின் மூடியைச் சாத்தினான், யன்னல்களை இழுத்துக் கொக்கி போட்டான். அறையில் உள்ளி மணம் இன்னும் நின்றது.

எட்வேட் வராந்தாவுக்கு வந்தார். வெயிலுக்குக் கண் கூசியது. கேற்றடியில் நின்றவர்களின் முகங்கள் ஒன்றாக இந்தப் பக்கம் திரும்பின. முன்னால் சாமித்தம்பியின் தமையன் மகன் பவிதரன் நின்றான், சாதாரண தர வகுப்பில் எட்வேட்டிடம் விஞ்ஞானம் படித்தவன். இன்னும் ஒன்றும் தெரியாததால் மரியாதையாகத் தலையைக் குனிந்தான். எட்வேட் சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நீளமில்லை, ஒரு வசனம்தான்.

அவர் படியில் கால் வைத்தபோது, பின்னால் ஸைனுலாப்தீன் கதவைச் சாத்தி, ஆமைப்பூட்டைக் கொளுவி, சாவியைத் திருப்பி, பூட்டு விழுந்துவிட்டதா என்று இரண்டுதரம் இழுத்துப் பார்த்தான்.